மாதிரி எண் பதினேழு

பத்து மணிக்குள் மொட்டை மாடிக்கு ஏறிவிட வேண்டும்.
இரண்டுக்கு மேல் இந்தச் சூரியன் எங்களுக்கு உதவாது.
கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட்,
கிண்டியில், சித்திரையில்.
முதல் வாரம் மஞ்சள் சுடிதாரில் வந்து நின்றேன்,
கல் கொஞ்சம் மஞ்சளாகப் பதிவானது.
"மஞ்சள் பூசிட்டீங்க மேடம்,
குங்குமம்தான் பாக்கி" என்றார் தேவநேசன்.
அன்றைய கோப்புகளை அழித்தோம்.

முதலில் வெள்ளைப் பலகை.
உள்ளங்கை அகலம்,
விலை என் மூன்று மாத உதவித்தொகை.
வாங்கிய வெளிச்சத்தை ஏறக்குறைய அப்படியே திருப்பித் தரும்
நாணயஸ்தன் இந்த மாடியில் அது ஒன்றுதான்.
அதன் முகத்தில் விழித்துவிட்டுத்தான் கல்லிடம் போகலாம்.
பத்து நிமிடத்தில் மறுபடி அதனிடம்,
மேகம் ஒன்று நகர்ந்தால் மறுபடி.
ஒருநாள் காக்கை அதன்மேல் எச்சமிட்டது.
தேவநேசன் வாயில் கெட்ட வார்த்தை வந்து
நான் கேட்டது அன்றைக்கு மட்டும்.

பிறகு கல்.
சார்னோகைட். பல்லாவரத்துக் குவாரி,
வெட்டியது போக மிச்சம்; குழியில் இப்போது பச்சைத் தண்ணீர்.
நூறு கொடுத்தால் பன்னிரண்டு தரும்.
மீதி எங்கே என்றால்
தொட்டுப் பார், சுடும்.
தொள்ளாயிரம் நானோமீட்டர் அருகே
கோடு லேசாகக் குழிகிறது.
உள்ளே இரும்பு உண்டு என்று
கல் ஒப்புக்கொள்ளும் இடம் அது.

பதினேழாம் எண் மூன்று வாரமாகக் காணோம்.
பதிவேட்டில் இருக்கிறது, தட்டில் இல்லை.
பின்கேட் டீக்கடையில், அடுப்பின் நான்காவது காலாக இருந்தது.
வெள்ளைப் பெயின்டில் ஒன்று அழிந்து ஏழு மட்டும்.
"கேட்டோரமா கெடந்துச்சுங்க, யாரு கண்டா" என்றார் நசீர்.
கொடுத்துவிட்டார்.
செங்கல் கிடைக்கும்வரை இரண்டு நாள்
டீ ஒரு பக்கமாகச் சாய்ந்து கொதித்தது.

வெயிலில் எல்லாம் தெரியாது.
ஆயிரத்து நானூறிலும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்திலும்
சூரியன் தரைக்கு வருமுன்பே காற்றின் ஈரம் தின்றுவிடும்,
சென்னைக் காற்றைக் கேட்கவே வேண்டாம்.
அதனால் பதினேழை இருட்டறைக்குக் கொண்டுபோய்
ஹாலஜன் விளக்கடியில் வைத்தேன்.
கரி படிந்து கோடு தரையோடு தரையாக ஓடியது. நூற்றுக்கு நாலு.
ஆனால் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்தில்
பளிச்சென்று ஒரு பள்ளம்.
நெஞ்சு அடித்துக்கொண்டது.
பல்லாவரத்தில் யாரும் பார்க்காத கனிமம்,
கட்டுரை, மாநாடு, விமான டிக்கெட்.
அப்புறம் ஆயிரத்து எழுநூற்று முப்பதில்
இன்னொன்று, சின்னது.
கனிமத்துக்கு அங்கே வேலை இல்லை.
கொழுப்பு.
மூன்று வாரம் பொங்கி வழிந்த பால்.

கழுவவில்லை.
தனிக் கோப்பில் சேமித்தேன்.
"வெளிமுகம்: டீக்கடை, இருபத்தொரு நாள்."

செயற்கைக்கோளுக்கு இந்தத் தொல்லை இல்லை.
முப்பது மீட்டர் சதுரம் ஒன்று,
அதற்குள் கல், குழித்தண்ணீர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை,
காயப்போட்ட லுங்கி, நிற்கும் வேன், யாரோ ஒருவர் அடுப்பு.
அத்தனைக்கும் சேர்த்து
அலைவரிசைக்கு ஓர் எண்.
அதைப் பிரித்துக் கொடு என்பதுதான் எனக்கு இட்ட வேலை.
கல்லைப் பிரித்துவிடுவேன், தண்ணீரையும்.
லுங்கியை என்ன செய்வதென்று
யாரும் எழுதிவைக்கவில்லை.

நசீரிடம் கோட்டைக் காட்டினேன்.
பார்த்தார். "பால் வெலை ஏறினது இதுல தெரியுதா?"
தெரியாது என்றேன்.

வியாழன் பத்தரைக்கு அது தலைக்குமேல் போகும்.
மாடியில் கறுப்பு உடுப்பில் நின்றிருப்பேன்.
அதன் எண்ணில்
மூன்றாவது தசமத்தில்கூட நான் வரமாட்டேன்.
நசீரின் நோட்டில் வருகிறேன்,
பெயர் இல்லாமல்:
கல்லு மேடம், இருநூற்று நாற்பது.